மூஞ்சி பார்க்காத மேடம்

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு ராஜபாளையம் நாயைக் குறை சொன்ன ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, அவள்தான்.

அதுவும் யாரிடம்? தலைமுறை தலைமுறையாக நாய் வளர்க்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே. எங்கள் கூட வேலை பார்த்த ஒரு சாரின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தோம். வாசலில் வெள்ளைவெளேர் என்று ஒரு நாய், ரோஜா நிற மூக்கு. எங்களைப் பார்த்ததும் பல்லைக் காட்டி உறுமியது. வீட்டுக்காரர் வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், வாலை ஆட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது.

"காவலுக்கு இதை விட நல்ல ஜாதி எங்கயும் கெடையாதும்மா" என்றார் அவர் பெருமையாக.

"இல்ல சார்" என்றாள் இவள். "தெரிஞ்ச ஆளைப் பாத்தா வாலாட்டுதுல்ல? பொறவு அது என்ன காவல்? ஊர்ல நடக்கிற களவு அம்புட்டும் தெரிஞ்சவன் பண்ணுததுதான்."

நான் அவள் தொடையில் கிள்ளினேன். "எதுக்கு ஏட்டி கிள்ளுத?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அந்த வீட்டில் எங்களுக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியைகள். நான் கணக்கு. அவள் நடத்தியது, கூட்ஸ் வண்டி மாதிரிப் பெயர் நீண்ட ஒரு பாடம்: வலைப் பாதுகாப்புக்கான அல்காரிதங்களை வன்பொருளில் முடுக்குதல். பிள்ளைகள் சுருக்கமாகச் 'சில்லுப் பேப்பர்' என்பார்கள்; சில்லு என்றால் கம்ப்யூட்டர் சிப். ஸ்டாஃப் ரூமில் ஒருவரை ஒருவர் 'மேடம்' என்போம். பஸ் ஏறிவிட்டால் 'ஏட்டி'தான்.

அந்தப் பாடம் என்னவென்று எனக்கு அவள் விளக்கியது ஒரு கல்யாண மண்டப வாசலில். இண்டர்நெட் வயரில் நல்லதும் வரும், வைரஸும் மோசடியும் வரும். வருகிறதை எல்லாம் சோதித்துத்தான் உள்ளே விடவேண்டும். "சாதாரணமா அந்தச் சோதனையைக் கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் பண்ணும். அது அந்தா, வாசல்ல நிக்காரு பாரு, பொண்ணுக்குப் பெரியப்பா, அவரு மாதிரி. ஒவ்வொருத்தரையா 'வாங்க வாங்க, யாரு வீட்டுப் பிள்ளை, அப்பா சௌக்கியமா'ன்னு கேட்டு முடிக்கதுக்குள்ள பந்தி முடிஞ்சிரும். நான் சொல்லுதது, சோதிக்கிற வேலையைச் சில்லுக்குள்ளேயே வயரிங்கா எழுதி வச்சிருதது. நிப்பாட்ட வேண்டாம். நடந்து போற வேகத்துலயே பாத்து, நல்லது போவும், கெட்டது விழும்."

"விழுந்தது எங்க போகும்?"

"எங்கயும் போவாது. விழுந்தா விழுந்ததுதான்."

அந்தப் பாடத்தின் முதல் விதியை முதல் வகுப்பிலேயே போர்டில் எழுதிவிடுவாள்: அனுப்பியது யார் என்று பார்க்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார். இதை அவள் பாடமாக மட்டும் நடத்தியிருந்தால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வாழ்ந்தும் தொலைத்தாள்.

எங்கள் பக்கம் எல்லாக் கதவும் திறப்பது 'நம்மாளு' என்கிற ஒரு சொல்லில்தான். மில்லில் வேலையா, ஆஸ்பத்திரியில் டோக்கனா, கரண்ட் ஆபீஸில் மீட்டரா, முதலில் அங்கே நம்மாளு யார் என்றுதான் விசாரிப்போம். அவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆகாது. வத்திராயிருப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு சேர்ந்து ராஜபாளையம் பஸ் ஏறுவாள். ஒருநாள் அவள் வரத் தாமதம். நான் ஜன்னல் வழியாக என் கைப்பையைப் போட்டு, பாவம் நிற்பாளே என்று அவளுக்கும் சேர்த்து ஒரு இடம் பிடித்து வைத்தேன். ஏறி வந்தவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"ஒனக்குத்தான் ஏட்டி, உக்காரு."

"நான் பஸ்ஸுக்குள்ளேயே இல்லையே, எனக்கு எப்படி எடம்? எனக்கு முன்னால ஏறுன அக்கா நிக்காங்க பாரு" என்று, யார் என்றே தெரியாத ஒரு பூக்கூடை அக்காவை உட்காரவைத்துவிட்டு, கல்லூரி வாசல் வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தாள். பூக்கூடை என் மடியில். நல்லது செய்யப்போய் அன்றைக்கு முழுக்க என் சேலையில் மரிக்கொழுந்து வாசம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கிறுக்குத்தனத்தால் பிழைத்த பிள்ளைகளும் உண்டு. அவள் லேபில் புராஜெக்ட் செய்ய ஆசைப்பட்டு, டிரஸ்டி ஒருவரின் மச்சான் மகன் சிபாரிசோடு வந்தான். பேண்டேஜ் துணி மில்லில் லோடு ஏற்றுகிறவரின் மகள் ஒருத்தி, சிபாரிசுக்கு ஒரு நாதியும் இல்லாமல் வந்தாள். இரண்டு பேருக்கும் இவள் ஒரே கேள்வியைக் கொடுத்தாள். லோடுகாரர் பிள்ளைக்குத்தான் இடம் கிடைத்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத ஒரு வாத்தியாரை அது அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்திருக்கும். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தது.

வகுப்பு எடுக்கிற விதமும் அப்படித்தான், கல்லூரியே வேடிக்கை பார்க்கும். பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக நிறுத்துவாள். 'அவசரம்' என்கிற சொல்லைப் பிடிக்கவேண்டும் என்றால் முதல் ஆளுக்கு 'அ' மட்டும்தான் தெரியவேண்டும், அடுத்த ஆளுக்கு 'வ' மட்டும், இப்படியே கடைசி வரை. தன் எழுத்து காதில் விழுந்து, முந்தின எழுத்துக்குப் பக்கத்து ஆள் கை தூக்கியிருந்தால் மட்டும் தானும் கை தூக்கவேண்டும். கடைசி ஆளின் கையில் ஒரு விசில். யாருக்கும் முழுச் சொல்லும் தெரிய வேண்டாம், யாரும் யோசிக்க வேண்டாம், ஆனால் சொல் தப்பிக்காது. இதுதான் அந்தச் சில்லுக்குள் நடக்கிறதாம். எனக்கே புரிந்துவிட்டது என்றால் பாருங்களேன்.

இப்படி ஒருநாள் நிறுத்தி வைத்திருந்தபோது எங்கள் முதல்வர் போனில் பேசிக்கொண்டே அந்த வழியாக வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு எதுவும் மெதுவாக இருக்கக்கூடாது. "அவசரம்யா, அவசரம்!" என்று போனில் கத்தினார். வரிசையில் சரசரவென்று கைகள் ஏறின. கடைசிப் பையன் அவர் காதுக்குப் பக்கத்தில் விசிலை ஊதினான். முதல்வர் கையிலிருந்த போன் ரோஜாச்செடிக்குள் போய் விழுந்தது.

"வெரி குட்" என்றாள் இவள், பையனைப் பார்த்து.

இப்படியெல்லாம் இருந்தும் அந்தப் பாடத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பல்கலைக்கழகத்தில் அது சோதனைப் பாடமாகத்தான் ஏற்கப்பட்டிருந்தது. நிரந்தரமாக ஆனால்தான் அவள் வேலையும் நிரந்தரம். ரத்தானால் அந்தப் பாடத்துக்கென்று எடுத்த அவளையும் அனுப்பிவிடுவார்கள். சில்லுப் பலகை வாங்கக் கல்லூரி கைவிரித்ததும் தன் சம்பளத்திலேயே ஒன்று வாங்கினாள். நம் இஷ்டத்துக்கு உள் வயரிங்கை மாற்றி மாற்றி எழுதிக்கொள்ளலாம் அதில். கல்லூரிச் சாமானாக ஸ்டாக் நோட்டில் ஏற்றாமல் லேபில் வைக்கக்கூடாது என்றார்கள். ஏற்றிவிட்டாள். அடிக்கும் வெயிலில் அந்தப் பலகைக்குத்தான் முதலில் ஃபேன், பிறகுதான் அவளுக்கு.

"மெட்ராஸ் கம்பெனிக்காரன் கூப்பிடுதான்னு சொன்னியே, போயிரேன் ஏட்டி" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"போயிட்டா இங்க இதை யாரு நடத்துவா? நீ நடத்துவியா?" என்றாள்.

அந்தப் பலகையை, பாடம் நிஜத்திலும் நடக்கும் என்று காட்டுவதற்காக, கல்லூரியின் மெயில் சர்வருக்கு முன்னால் மாட்டினாள். முதல்வரே ரிப்பன் வெட்டினார். மோசடி மெயில்களை எல்லாம் பிள்ளைகளைக் கொண்டு சேர்த்து, அதில் திரும்பத் திரும்ப வருகிற வாசகங்களைச் சில்லுக்குள் எழுதியிருந்தாள். 'அவசரம்', 'உடனே இந்த லிங்கை அழுத்தவும்', 'தவறினால் நடவடிக்கை'. மூன்றும் ஒரே மெயிலில் வந்தால் விழும்.

மாட்டின நாளிலிருந்து கல்லூரியில் ஒரு நிம்மதி. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. வகுப்புகள் நேரத்துக்கு ஆரம்பித்தன, நேரத்துக்கு முடிந்தன. ஸ்டாஃப் ரூமில் சிரிப்புச் சத்தம். பி.பி. மாத்திரை போடுகிற எங்கள் துறைத் தலைவர் மாத்திரையைக் குறைத்துவிட்டேன் என்றார். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததால்தான் எல்லோருக்கும் மனசு குளிர்ந்திருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

ஒருநாள் அட்டெண்டர் ஓடிவந்தார். "மேடம், பிரின்சிபால் அய்யா செமினார் ஹால்ல தனியா உக்காந்திருக்காரு. பக்கத்துல அம்புட்டுப் பேருக்கும் வடை இருக்கு."

போய்ப் பார்த்தால் உண்மை. காலி நாற்காலிகளுக்கு நடுவே, ஆறிப்போன வடைத் தட்டுகளைப் பார்த்தபடி மனிதர் உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்து மெயில் போட்டிருந்தாராம். வாட்ஸப்பில் போட்டால் யாரோ படம் பிடித்து வெளியே விடுகிறார்கள் என்று, கொஞ்ச நாளாக எல்லாவற்றையும் மெயிலில்தான், அதுவும் வீட்டிலிருந்து தன் சொந்த மெயிலில்தான் அனுப்பி வந்தார். இந்தக் கூட்டத்துக்கு மட்டும் இல்லை, பலகை மாட்டின நாள் முதல் தினமும் அனுப்பியிருக்கிறார். எல்லாமே 'அவசரம்' என்று தொடங்கி, 'உடனே இந்த லிங்கை அழுத்தவும்' என்று நடந்து, 'தவறினால் நடவடிக்கை' என்று முடிகிறவை. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாததால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார்.

அவளைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"என் மெயிலை மட்டும் விட்டுரச் சொல்லும்மா அதுகிட்ட."

"அதுக்கு உங்களைத் தெரியாது சார்."

"தெரியப்படுத்து."

"தெரியப்படுத்தினா, நாளைக்கு உங்க பேருல வேற எவனாவது அனுப்பினாலும் விட்டுரும் சார். மோசடி பண்ணுதவன் பூராம் பிரின்சிபால் பேருலதான் அனுப்புதான். நீங்க வாசகத்தை மாத்திப் பாருங்களேன்."

வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்த மனுஷன் மாற்றினார்! எங்கள் கல்லூரிச் சரித்திரத்திலேயே நடக்காத காரியம். மறுநாள் காலையில் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது: 'அன்புள்ள அனைவருக்கும், நேரம் இருக்கும்போது ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். ஒன்றும் கட்டாயமில்லை.'

ஸ்டாஃப் ரூமில் அதை இரண்டு தரம் வாசித்தோம். "அய்யோ, அவியளுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று துறைத் தலைவர் நெஞ்சில் கைவைத்தார். செத்த நேரத்தில் கல்லூரியே அவர் அறை வாசலில் திரண்டுவிட்டது. கெமிஸ்ட்ரிக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார்கள். ஒரு மேடம் கோயில் திருநீறு. முதல்வர் பேய்முழி முழித்தார். பிறகு, தன்னைப் பார்க்க இத்தனை பேர் தானாக வந்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் எழுத்து மாறிப்போனது. சில்லின் மேல் அவருக்கு ஒரு தனிப் பாசமே வந்துவிட்டது.

அத்தோடு நின்றிருக்கலாம். பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது.

பாடத்தை நிரந்தரமாக்க விவரம் கேட்டு மெயில் அனுப்பினோமே, கெடு முடிந்துவிட்டதே, ஏன் பதில் இல்லை என்று ஒரு பிரிவு அலுவலர் கேட்டார். முதல்வர் அறையில் ஸ்பீக்கரில்தான் பேச்சு. முதல்வர், அவள், நான்.

"மெயில்ல என்ன எழுதியிருந்தீங்க சார்? வாசிங்களேன்" என்றாள் அவள்.

அவர் வாசித்தார். 'அவசரம்' என்று தொடங்கினார். லிங்க் வந்தது. கடைசியில் 'தவறினால் நடவடிக்கை'யும் வந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள், பிள்ளை பரீட்சையில் சரியாக எழுதியிருக்கிறது என்று பேப்பர் திருத்துகிற மாதிரி. அவள் வேலையை அவள் பலகையே விழுங்கிவிட்டிருந்தது.

அலுவலர் நல்ல மனிதர். "பரவாயில்லம்மா. கருவிக் கோளாறால மெயில் கிடைக்கலைன்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்க. நான் பேசித் திறந்து விடுறேன்."

"கோளாறு இல்லையே சார்" என்றாள்.

"இருக்கட்டும்மா, சும்மா ஒரு வரி."

"சார், அது சரியாத்தான் பிடிச்சிருக்கு. நீங்க எழுதுனது அப்படியே மோசடிக்காரன் எழுதுதது மாதிரியே இருக்கு. பல்கலைக்கழகம் அனுப்புனதுன்னு ஒரே காரணத்துக்காக அதை விட்டிருந்தாத்தான் கோளாறு."

முதல்வர் போனைப் பொத்திக்கொண்டார். கைகூப்பாத குறை. "அம்மா, ஒரு வரிம்மா. நானே டைப் பண்ணுதேன், நீ கையெழுத்து மட்டும் போடு." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, ஒன் வேலை ஏட்டி. ஒன் பாடம். யாருக்கு என்ன நட்டம் அந்த ஒரு வரியால?"

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். "நல்லா வேலை செஞ்சதைக் கெட்டுப்போச்சுன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, நாளைக்குப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தப் பாடத்தை நடத்துவேன்?" என்றாள். போனை எடுத்து, "கருவி சரியா வேலை செஞ்சதுன்னு எழுதி அனுப்புதேன் சார். முடிஞ்சா அடுத்த தடவை வாசகத்தை மாத்திக்கோங்க" என்றாள்.

பாடம் ரத்தானது. அவள் எழுதிய அந்த விளக்கத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார்களாம்.

வேலையை விட்டுப் போகிற நாளன்று எனக்குக் கடைசி வகுப்பு பாக்கி. கேட் வரைக்கும் கூடப் போனேன். அன்றைக்குக் கேட்டில் இருந்த காவலாளி பட்டாளத்தில் இருந்து வந்தவர், அவள் ஊருக்குப் பக்கத்து வ. புதுப்பட்டிக்காரர், அவளுக்கு மாமா முறை. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையசைத்து வழிவிட்டார்.

"போயிட்டு வாம்மா. நல்லா இரு."

அவள் நகரவில்லை. "பையைப் பாக்கலையா மாமா?"

"ஒன் பையை நான் பாக்கவா? நம்ம பிள்ளை நீ."

"போர்டுல என்ன எழுதியிருக்கு? வெளிய போற எல்லாப் பையையும் சோதிக்கணும்னு தான? பாருங்க."

பையைத் திறந்து நீட்டினாள். டிபன் பாக்ஸ், குடை, பேண்டேஜ் துணியில் பொத்திச் சுற்றிய சில்லுப் பலகை.

"இது என்னம்மா?"

"லேப் சாமான் மாமா. காசு குடுத்து வாங்குனது நான்தான்."

"பொறவு என்ன, கொண்டு போ."

"நான் வாங்குனதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ சொல்லுதியேம்மா!"

"சொல்லுத எல்லாரையும் விட்டுருவீயளா? கேட் பாஸ் கேளுங்க மாமா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "கிறுக்கச்சி, ஒன் காசு! வாயை மூடிட்டுக் கொண்டு போ!" என்று கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், வகுப்பில் பதில் வருமா என்று காத்திருக்கிற மாதிரி.

அவர் எச்சில் விழுங்கினார். நிமிர்ந்து நின்றார். "கேட் பாஸ் எங்க?"

"இல்ல மாமா."

"அப்படின்னா கொண்டுபோக முடியாது" என்றார்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "சரியாச் சொன்னிய மாமா!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். துணியோடு பலகையை என் கையில் வைத்து, "லேப்ல குடுத்துரு ஏட்டி, ஃபேன் போட்டுவிடச் சொல்லு" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றது. உட்கார இடமிருந்தும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கையாட்டினாள்.

பஸ் மறைகிற வரைக்கும் அழுதுகொண்டே நின்றேன். பிறகு எனக்குள்ளே ஒரு வைராக்கியம் வந்தது. கடைசி வகுப்பாவது ஒன்றாவது! அடுத்த பஸ்ஸைப் பிடித்து, வத்திராயிருப்புக்கே போய், அவள் மூஞ்சியில் இதை வீசிவிட்டுத்தான் வருவேன் என்று பலகையை என் கைப்பைக்குள் திணித்தேன். ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு கேட்டைத் தாண்டக் காலெடுத்து வைத்தேன்.

குறுக்கே கை நீண்டது. காவலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்" என்றார், "பையைத் தொறங்க."